மெய்யான குருவை அறிவது எவ்வாறு? – சிங்கப்பூர் வரலாறு தரும் விளக்கம்

  

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பது நம் முன்னோர் வாக்கு. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்த வாக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. மரத்துப் பாலும் வெள்ளைதான், மாட்டுப் பாலும் வெள்ளைதான். காவி உடையும் அப்படியே. அதை உடுத்தவர்களிலே மெய்யான ஞானாசிரியர் யார், வேடதாரி யார் என்பதை எப்படி அறிவது? இன்று இந்தக் கேள்விக்கு வரலாற்றிலிருந்து விடை தேடுவோம்.

முதலில் எங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாம் தோட்டப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் எங்கள் தோட்டத்து ஆலயத்துக்குச் சாமியார் ஒருவர் வந்து தங்கினார். வெறுங்கையிலிருந்து திருநீறு வரவழைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த வீட்டில் தோஷம் இருக்கிறது, தலைப்பிள்ளைக்கு ஆகாது, யாகம் செய்ய வேண்டும் என்றார். தாயார் தம் காதுத் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துப் பணம் கொடுத்தார். யாகம் முடிந்ததும் தபாலில் தாயத்து வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தாயத்து வரவே இல்லை. தோடும் திரும்பவில்லை. நெடுநாள் வரையில் எங்கள் தாயார் காதுத் துளையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டுதான் பால்வெட்டுக்குப் போனார்.

ஆண்டுகள் பல உருண்டோடின. நாம் பயிற்சிக் கல்லூரியில் பயின்று ஆசிரியரானோம். சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவன் ஒருவனின் தாய் வந்து ஒரு கேள்வி கேட்டார். "வாத்தியாரையா, சாமி ஒருத்தர் வந்திருக்கிறார். மகன் படிப்புக்கென்று கூட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தைப் பூசைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா, கூடாதா?" கொடுக்காதே என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால், வந்தவர் நல்லவராகவே இருந்தால்? ஒருவரைப் பார்க்காமலே பொய்யர் என்று தள்ளுவதும் நியாயமாகாதல்லவா? எதை வைத்து அளப்பது என்று அந்தத் தாய்க்குச் சொல்ல நமக்கு அன்று உடனே தெரியவில்லை. இந்தப் பேச்சு அவருக்குச் சொல்ல வேண்டிய விடைதான்.

ஒருவருடைய உள்ளத்துக்குள் நுழைந்து பார்க்க நம்மால் ஆகாது. ஆனால், அவர் செய்ததைப் பார்க்கலாம். அவர் போன பின்பு அவர் பெயரால் நின்றது என்ன, நடந்தது என்ன என்பதையும் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் சிங்கப்பூர்.

சிங்கப்பூர் சென்றவர்கள் தேக்காவை அறிவார்கள். சிராங்கூன் சாலையின் இரு பக்கத்திலும் பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை, வீரமாகாளியம்மன் கோயில், சற்று அப்பால் சீனிவாசப் பெருமாள் கோயில் என்று நம் ஊர்த் திருவிழாவைப் போலவே இருக்கும். அந்தச் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் ஒன்று நாரிஸ் சாலை. இராமகிருஷ்ண மிஷன் 1932-ஆம் ஆண்டு முதல் இயங்கிய கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது. அதன் வரலாற்றை அறிய, நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1893-ஆம் ஆண்டு, மே மாதம் 31-ஆம் நாள், பம்பாயிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் முப்பது வயதுத் துறவி ஒருவர் இருந்தார். அவர்தாம் சுவாமி விவேகானந்தர். சிக்காகோ மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கொழும்பு, பினாங்கு ஆகிய இடங்களைக் கடந்து சிங்கப்பூரிலும் இறங்கினார். அன்று அவரை உலகம் அறியாது. ஊர் சுற்றிப் பார்த்த அவர், ஜப்பானிலிருந்து எழுதிய கடிதத்தில், சிங்கப்பூரின் தாவரப் பூங்காவையும் அங்கு வளர்ந்த பனை வகைகளையும் அரும்பொருட்காட்சியகத்தையும் பற்றிக் குறித்திருக்கிறார். தெரியாததைத் தெரிந்துகொள்ளும் ஆவல் அவரிடம் அப்படி இருந்தது.

அந்த விவேகானந்தர் தம் குருவை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. அவருடைய இளமைப் பெயர் நரேந்திரன். கல்லூரி மாணவர். இராமகிருஷ்ண பரமஹம்சரிடம் சென்ற அவர், கண்டவுடன் நம்பிவிடவில்லை. பரமஹம்சருக்குப் பணத்தைத் தொட்டாலே உடல் கூசும் என்று கேள்விப்பட்டு, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை மறைத்து வைத்தார். அறியாமல் வந்து அமர்ந்த பரமஹம்சர் வலி தாங்காதவர் போலத் துள்ளி எழுந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சோதித்துப் பார்த்தது நரேந்திரன் என்று தெரிந்ததும் குரு கோபித்தாரா? இல்லை. காசு மாற்றுபவன் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது போல என்னையும் சோதித்துப் பார் என்பதே அவர் சீடர்களுக்குச் சொல்லிவந்த கருத்து.

நேயர்களே, நாணயம் துள்ளி எழச் செய்ததா என்பதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சோதனை செய்த மாணவனைக் குரு தள்ளிவைக்கவில்லை. மேலும் அன்பு காட்டினார். கேள்வி கேட்டால் சாபம் வரும் என்று பயமுறுத்துபவரையும், கேள் மகனே என்று சொல்பவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நம் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். விடை தெரிந்த ஆசிரியருக்கு மாணவன் கேள்வி கேட்டால் மகிழ்ச்சி வரும். தெரியாத ஆசிரியருக்குத்தான் பிரம்பின் நினைவு வரும்.

1897-ஆம் ஆண்டு, மே மாதம் முதல் நாள், விவேகானந்தர் இராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். அவர் மறைந்தது 1902-இல். அதற்கு 26 ஆண்டுகளுக்குப் பின், 1928-இல், மிஷனின் கிளை சிங்கப்பூரில் தொடங்கியது. நாரிஸ் சாலைக்கு வந்த பின்பு துறவிகள் அங்கே ஆண் பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரிலும், பெண் பிள்ளைகளுக்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகள் நடத்தினார்கள். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பலர் கேட்ட காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

பிறகு போர் வந்தது. 1942, பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட கதையை உங்கள் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஊரெங்கும் அனாதைப் பிள்ளைகள். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மிஷனின் தலைவராக இருந்தவர் சுவாமி பாஸ்வரானந்தர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மிஷன் இல்லம் நடத்திச் சோறு போட்டது, படிக்க வைத்தது. அந்தப் பணியின் தொடர்ச்சியாகப் பார்ட்லி சாலையில் சிறுவர் இல்லம் இன்றும் நடைபெறுகிறது. பசித்த பிள்ளையிடம் காணிக்கை ஏது? கொடுக்க ஒன்றுமில்லாதவனை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்பது நல்ல அளவுகோல்.

மாணவனைப் பார்த்து ஆசிரியரை அறியலாம் என்பார்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பதினைந்து வயதில் விவேகானந்தரின் நூல்களைப் படித்து அவர்வழி நின்றவர். 1943-இல் சிங்கப்பூர் வந்த அவர், இரவு நேரங்களில் இராணுவ உடையைக் களைந்து, பட்டு வேட்டி உடுத்தி, இந்த மிஷனின் பூசையறையில் தனியே தியானத்தில் அமர்வார் என்று அவருடைய அமைச்சரவையில் இருந்த எஸ். ஏ. ஐயர் எழுதியிருக்கிறார். அதே நேதாஜியை அக்காலத்தில் சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு அழைத்தார்கள். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோயிலார் இசைந்தனர். முஸ்லிம் தோழரான அபித் ஹசனும் மற்றவர்களும் அவரோடு உள்ளே சென்றார்கள். வாசலைத் திறந்துவிடும் துணிவைத் தருவது நல்ல போதனை.

இனி, நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவரைப் பற்றிச் சொல்வோம். திருநெல்வேலிக்கு அருகே பத்தமடை என்னும் ஊரில் 1887-ஆம் ஆண்டு பிறந்தவர் குப்புசாமி. மருத்துவம் படித்தவர். 1913-இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். ஆசாரமான குடும்பம், கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புப் பலகாரங்களையே தின்று, தண்ணீரைக் குடித்து, கரை சேர்ந்தபோது பாதி உயிராகத்தான் வந்து சேர்ந்தாராம்.

அந்த இளம் டாக்டருக்கு வேலை கிடைத்தது எங்கே தெரியுமா? சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அவர் மருந்து கொடுத்தது நம் முப்பாட்டன்மாருக்குத்தான். மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் தோட்டத்து மக்களை வாட்டிய காலம் அது. ஏழை நோயாளிக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். வழிச்செலவுக்குத் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தும் அனுப்பினார். பிறகு மூன்றாண்டுக் காலம் ஜொகூரில் பணியாற்றினார். எதிர்க்கரையிலே சிங்கப்பூர். 1923-இல் ஜொகூர் நீரிணையின் மேல் பாலம் அமைந்து பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில், நல்ல வருமானமும் வசதியும் இருந்த அந்த டாக்டர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

1924, ஜூன் முதல் நாள், ரிஷிகேசத்தில் அவர் துறவு பூண்டார். அவர்தாம் சுவாமி சிவானந்தர். துறவியான பின்பும் மருந்துப் பெட்டியை அவர் விடவில்லை. இலட்சுமண ஜூலா அருகில் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் மருந்தகம் நடத்தினார். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தின் பணியைத் தொடங்கினார். 1950, ஜனவரி மாதம், கூட்டுப் பிரார்த்தனை வேளையில் ஒருவன் கோடரியால் அவரைத் தாக்கினான். அடி தப்பியது. சிவானந்தர் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. மன்னித்து, பொருள் கொடுத்து, ஊருக்கு அனுப்பிவைத்தார். தம்மைப் புகழ்பவரிடம் இனிமையாகப் பேசுவது எவருக்கும் எளிது. எதிர்ப்பவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்திலேதான் அவருடைய தன்மை வெளிப்படும். சீடன் விலகிப் போனால் நாசமாவாய் என்று சொல்கிறவர் குருவா என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

மெய்யான ஆசான் ஒரு மொழிக்கோ ஒரு சமயத்துக்கோ மட்டும் உரியவர் அல்லர். கேரளத்தில் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவு மூடியிருந்த காலத்தில், 1888-இல் அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவலிங்கம் நாட்டியவர் ஸ்ரீநாராயண குரு. அவர் சிங்கப்பூருக்கு வந்ததில்லை. ஆனால் 1948-இல் அங்கு வாழ்ந்த மலையாளிகள் அவர் பெயரால் ஒரு மிஷனை அமைத்தார்கள். அந்த மிஷன் நடத்தும் முதியோர் இல்லத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று வேறுபாடு இல்லாமல் நோயுற்ற முதியவர்கள் பராமரிக்கப்படுகிறார்கள். அதுபோல், பால்மர் சாலைக் குன்றில் அடங்கியிருக்கும் ஹபீப் நோ என்னும் முஸ்லிம் பெரியார் 1866-இல் மறைந்தவர். ஏழைகளிடமும் குழந்தைகளிடமும் அவர் காட்டிய அன்பை மக்கள் இன்னும் பேசுகிறார்கள்.

இவ்விடத்தில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சாமியார்களை நம்பி ஏமாறாதீர்கள் என்று உரத்த குரலில் சொன்னவர்களும் சிங்கப்பூரில் இருந்தார்கள். பெரியார் ஈ.வெ.ரா. 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசினார். தமிழவேள் கோ. சாரங்கபாணி போன்றவர்கள் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தைக் கண்டார்கள். 1935-இல் 'தமிழ் முரசு' பிறந்தது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அவர்கள் பேச்சு கசந்திருக்கலாம். ஆனால் ஏன், எதற்கு, எப்படி என்று கேட்கும் பழக்கம் பக்திக்குப் பகையன்று. படுக்கைக்கு அடியில் நாணயம் வைத்த நரேந்திரனும் அதே பழக்கம் உள்ளவர்தானே!

அடுத்தது கணக்கு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. சிங்கப்பூரில் சமய அறநிலையங்களின் நிருவாகத்தில் சீர்கேடு மிகுந்ததால், 1905-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, முஸ்லிம் இந்து அறக்கட்டளை வாரியத்தை அரசு அமைத்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் அந்த வாரியத்தின் கீழ் வந்தது. பின்னர் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்து அறக்கட்டளை வாரியம் தனியே தோன்றியது. கோயில் உண்டியலுக்கே கணக்கு வேண்டும் என்றால், தனி மனிதர் கையில் கொடுக்கும் பணத்துக்கு வேண்டாமா?

தொண்டு செய்கிறார், ஆகையால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. சிங்கப்பூரில் ரென் சி என்னும் அற மருத்துவமனையை நடத்திவந்த பௌத்தத் துறவி ஒருவர் நாடறிந்த புகழ் பெற்றவர். மருத்துவமனைப் பணத்தில் 50,000 வெள்ளியை அனுமதியின்றி உதவியாளருக்குக் கடனாகக் கொடுத்து, அதுபற்றி அதிகாரிகளுக்குத் தவறான தகவலும் தந்தார் என்று 2009-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 2010-இல் ஆறு மாதச் சிறை உறுதியாயிற்று. அவர் தொடங்கிய மருத்துவமனையில் நோயாளிகள் குணமடைந்ததும் உண்மை. கணக்கில் தவறு நேர்ந்ததும் உண்மை. மருத்துவமனை இன்றும் நடக்கிறது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? நல்லது செய்கிறவரையும் கணக்குக் கேட்க வேண்டும். அது அவரை அவமதிப்பதாகாது. அவர் தவறாமல் காப்பதற்கும் அதுவே வேலி.

ஆக, இந்த வரலாறுகளிலிருந்து நான்கு கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம். எழுத்தறிந்த பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: அவர் நம்மைக் கேள்வி கேட்க விடுகிறாரா, அல்லது அச்சுறுத்தி வாயை அடைக்கிறாரா?

இரண்டாவது: பொருள் எந்தப் பக்கம் போகிறது? அவரிடமிருந்து ஏழைக்கா, ஏழையிடமிருந்து அவருக்கா? கொடுத்ததற்கு ரசீது உண்டா?

மூன்றாவது: அவருடைய வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறதா? காணிக்கை கொடுக்க வழியில்லாதவனும் உள்ளே போகலாமா?

நான்காவது: மறுத்தவரையும் விலகியவரையும் அவர் எப்படி நடத்துகிறார்?

திருநீறு வரவழைப்பதும், நம் வீட்டுச் செய்தியைச் சொல்வதும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கைவித்தையை யாரும் கற்கலாம். நம் வீட்டுச் செய்தியை அக்கம்பக்கத்தில் விசாரித்தும் அறியலாம். மேலும், இந்த நான்கு கேள்விகளுக்கு விடை காண ஒரு நாள் போதாது. சிவானந்தரின் தொண்டை நாம் காண்பது பல ஆண்டு வாழ்விலே. ஆகவே, இன்றைக்கே கொடு, நாளைக்கு நேரம் தவறிவிடும் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே நமக்கு எச்சரிக்கை. மெய்யான குரு நமக்காகக் காத்திருப்பார். பிள்ளையின் பள்ளிக் காலம் காத்திராது.

எங்கள் தாயாரை இன்று நினைக்கும்போது அவரை ஏமாளி என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. பிள்ளைக்கு ஆபத்து என்றதும் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அந்த அன்பிலே குறை இல்லை. அந்த அன்பைப் பயன்படுத்திக்கொண்டவரிடந்தான் குறை. அன்று அவரருகே இருந்து, அம்மா, நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. படித்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேலி செய்யாமல், மரியாதையோடு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம்மிடம் கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் இந்த நான்கையும் பொறுமையாகச் சொல்லி அனுப்பினோம். சில நாள் கழித்து அவரை ஆலயத்தில் கண்டோம். என்னம்மா செய்தீர்கள் என்று விசாரித்தோம். "ரசீது கேட்டேன், சாமிக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வேளை சோறு போட்டு அனுப்பிவிட்டேன். பணம் மகன் பேரில் வங்கியில் இருக்கிறது" என்றார்.

பசித்து வந்தவருக்குச் சோறு, படிக்கும் பிள்ளைக்குப் பணம். அந்தத் தாய் செய்தது சரி என்றே நாம் எண்ணுகிறோம்.